உப்புப் பார்க்க ஆளில்லாத கஞ்சி

மாட்டுக் கரத்தைக்காரன் கதிர்காமத்தம்பி விரதம் பிடிக்கப் போகிறான் என்ற செய்தி பரவியதும் பாண்டிருப்பு சிரித்தது. கல்முனைச் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கத்தியோடு சிரித்தால் விரல் போய்விடும் என்ற பயம்.

ஊர் சிரித்ததில் நியாயம் இருந்தது. கதிர்காமத்தம்பி சாப்பாட்டுக்காரன். முப்பது வயதைத் தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிற ஊர் இது. பெண் வீட்டார் வருவார்கள், ஆளைப் பார்ப்பார்கள், உழைப்பைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள். பிறகு அவன் சாப்பிடுவதைப் பார்ப்பார்கள். வீட்டுக்குத் திரும்பித் தங்கள் நெல்லுப் பட்டறையை எட்டிப் பார்ப்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

விரத நாட்களில் அவன் செய்த அநியாயங்கள் ஊருக்கே மனப்பாடம். கந்தசஷ்டி என்று காப்புக் கட்டினான். முதல் நாள் உச்சி வெயிலிலேயே காப்பு வேறு, ஆள் வேறு. சிவராத்திரிக்கு விடிய விடியக் கண்விழித்தான், உண்மைதான். வாய் அசைந்துகொண்டே இருந்ததால் நித்திரை வர வழியில்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்காக இருந்த விரதத்தில் காகம் வரப் பிந்திவிட்டது. இவன் காகத்தை முந்திவிட்டான். ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையார் கோயில் மடப்பள்ளியில் மோதகம் வெந்த பதம் பார்க்கிறேன் என்று ஒன்றை எடுத்தான். பூசை நேரத்தில் ஐயர் தட்டைப் பார்த்தார். தட்டு ஐயரைப் பார்த்தது.

"டேய், நீ பஞ்சாங்கத்தையும் திண்டிருவாய்" என்பாள் அவன் அக்கா மீனாம்பிகை. பக்கத்து வளவில் குடியிருப்பவள். வருசத்தில் எத்தனை விரதம் உண்டோ அத்தனையும் பிடிப்பவள். தம்பியின் பங்கையும் சேர்த்துத் தானே பிடிப்பதாக அவள் நினைப்பு.

போன ஐப்பசியில் அவர்களுடைய தாய் போய்ச் சேர்ந்தாள். அங்கேதான் கதை தொடங்குகிறது.

தாயை இழந்தவர்கள் தாய்க்காக விரதம் இருப்பது சித்திரைப் பூரணைக்கு. அன்று பிள்ளையார் கோயில் முற்றத்தில் ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சுவார்கள். பச்சரிசி, தேங்காய்ப்பால், உப்பு, மேலதிகமாக ஒன்றுமில்லை. அந்தக் கஞ்சிக்கு அகப்பை பிடித்தவள் இவர்களின் தாய். அவளுக்கு முன் அவளுடைய தாய். அகப்பை பிடிப்பவர் விடியல் முதல் பச்சைத்தண்ணிகூட வாயில் வைக்கக் கூடாது. படையல் முடியும் வரை கஞ்சியை ருசி பார்க்கவும் கூடாது. இது சட்டம். பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

இந்த முறை அகப்பையைத் தானே பிடிப்பேன் என்று கதிர்காமத்தம்பி எழுந்து நின்றான். கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? மோதகம் திண்ட கை?"

"அம்மாவுக்கு நான் ஒண்டும் செய்யல்ல ஐயா. அவ காய்ச்சினதத் திண்டதுதான் நான் செஞ்சது. இதையாவது செய்யிறன்."

"செய். ஆனா கேள் கதிர்காமம். வாய் நனைச்ச கை அகப்பையில பட்டா, முழுக் கஞ்சியையும் தென்னையடியில ஊத்துவன். வாற வருசம் அகப்பை வேற குடும்பத்துக்குப் போகும். பிறகு அழுதும் வேலையில்ல."

மீனாம்பிகை தலையில் கை வைத்தாள். மூன்று தலைமுறை அகப்பை ஒரு பெருந்தீனிக்காரனின் வயிற்றை நம்பித் தொங்கியது.

அந்த வருசம் நிலவும் சேர்ந்து விளையாடியது. சித்திரை மாதத்துக்குள் இரண்டு பூரணை விழுந்தது. ஒன்று மாதம் பிறக்கும் அன்றே, வருசப்பிறப்போடு ஒட்டிக்கொண்டு. மற்றது மாதம் முடிகிற கடைசியில். வருசம் பிறக்கிற அன்று எவன் பட்டினி கிடப்பான், கஞ்சி இரண்டாவதுக்குத்தான் என்று ஊர் தானாகவே தீர்மானித்துவிட்டது. கஞ்சி காய்ச்சும் கோயில் கிடாரம் அடி ஓட்டையாகிக் கல்முனையில் ஒட்டுப் போடக் கிடந்தது. மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்று யாரும் கவலைப்படவில்லை.

வருசப்பிறப்புக்கு முதல் நாள் வண்ணக்கர் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சித்திரை நட்சத்திரத்தோட வாற பூரணை நாளைக்குத்தான். மாதக் கடைசியில வாறது விசாகத்தோட. அது சிங்கள ஆக்கள்ர வெசாக். நீங்க தாய்க்கு விரதம் பிடிக்கப் போறீங்களா, வெசாக்குக்கு வெளிச்சக் கூடு கட்டப் போறீங்களா?"

நாளைக்குத்தான் கஞ்சி. கிடாரம்தான் இல்லை.

காரைதீவில் கேட்டார்கள். அங்கேயும் நாளைக்குத்தான் கஞ்சி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெரிய கிடாரம். அது மருதமுனையில் ஆதம்பாவாவிடம் இருந்தது. ஆதம்பாவா தறிக்காரர். நோன்பு மாதம் வந்தால் தறியை மூடிவிட்டுப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். அது நோன்பு மாதம்தான். நிலவு முழுசாக நின்றால் நோன்பு பாதி முடிந்தது என்று அர்த்தம், அதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. ஆனால் பள்ளிக் கஞ்சி பொழுதுபட, கோயில் கஞ்சி உச்சிப்பொழுதுக்கு. காலையில் எடுத்துப் பின்னேரம் கொடுத்தால் ஒரே கிடாரம் இரண்டு ஊருக்கும் காணும்.

"இறைச்சிக் கஞ்சி காய்ச்சின கிடாரம்" என்றாள் மீனாம்பிகை.

"கழுவுவம்" என்றார் வண்ணக்கர்.

"நான் கழுவுவன்" என்றாள் மீனாம்பிகை. அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் கிடாரமே நடுங்கியிருக்கும்.

விடிந்தது. தாய் இறந்து வருசம் திரும்பாத வீட்டில் பலகாரம் சுடக்கூடாது. அது வழக்கம். அதனால் சுட்ட வீடுகள் எல்லாம் சுடாத வீட்டுக்குத் தட்டு அனுப்பும். அதுவும் வழக்கம். கதிர்காமத்தம்பி முகம் கழுவி வருவதற்குள் முறுக்கு வந்தது. அரியதரம் வந்தது. பயற்றம் பணியாரம் வந்தது. எள்ளுருண்டை வந்து நின்று அவனைப் பார்த்தது.

"அக்கா!" என்று அலறினான். மீனாம்பிகை சுளகு எடுத்து மூடினாள். மூடினால் மணம் போகுமா? அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், கிடாரம் ஏற்றிவரக் கரத்தை மாட்டை அவிழ்த்தான்.

தெருவெல்லாம் எண்ணெய் மணம். ஊஞ்சலில் ஆடுகிறவர்களின் வாயில் கொக்கிஸ் பலகாரம் நொறுங்கும் சத்தம். தாய் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவனும் அன்று அவனுக்கு எதிரி. வயிற்றுக்குள் ஒரு குரல் நயமாகக் கதைத்தது: "மாதக் கடைசியில இன்னொரு பூரணை வருது. அதுக்குப் பிடிப்பம். இண்டைக்கு விடு." கதிர்காமத்தம்பி மாட்டை அதட்டினான். மாடு ஒரு பிழையும் செய்யவில்லை.

மருதமுனை எல்லையைத் தாண்டியதும் அவனுக்குச் சுவர்க்கத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. ஊரே அடங்கிக் கிடந்தது. ஒரு வாயும் அசையவில்லை. ஒரு எண்ணெய்த் தாச்சியும் இரையவில்லை. தேத்தண்ணிக் கடையில் கதவு சாத்திக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் தன்னைப் போலவே காய்ந்த உதடுகள். எல்லோரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போல அவனுக்கு ஆசை வந்தது.

ஆதம்பாவாவை அவன் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "காக்கா, கிடாரத்த ஏத்துங்க. எனக்கு இண்டைக்கு விரதம். கதைக்கத் தெம்பில்ல."

ஆதம்பாவா தறிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "விரதமா? நீயா?"

"ஓம். நான்தான்."

"தம்பி, நோம்பு புடிச்சவனச் சிரிக்க வைக்காத. தொண்டை காயுது." சொல்லிவிட்டுத் தொண்டை காயக் காயச் சிரித்தார். பிறகு தோளில் துண்டைப் போட்டார். "நானும் வாறன். என்ட கிடாரம் தனியப் போகாது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி அது பள்ளி முத்தத்தில இருக்கோணும். இல்லாட்டி என்ட ஆக்கள் என்னையப் புடிச்சுக் காய்ச்சுவாங்க."

"உங்களக் காய்ச்சினா ஊருக்குக் காணுமா காக்கா?"

"ஊருக்குக் காணும். உனக்குத்தான் காணாது."

கிடாரம் பெரிது. இரண்டு பேர் உள்ளே குந்தியிருந்து வெற்றிலை போடலாம். கவிழ்த்து வைத்துக் கயிறு போட்டார்கள். கயிற்றை முடிந்தது கதிர்காமத்தம்பியின் பசிக் கை. அது முடிச்சு இல்லை, முடிச்சு மாதிரி ஒன்று.

"நீங்க எப்பிடிக் காக்கா ஒரு மாதம் தாங்குறீங்க?"

"முதல் ரெண்டு மூண்டு நாள் வயிறு கத்தும். பிறகு அதுவும் களைச்சுப் படுத்திரும்."

"என்டது படுக்கல்ல. எழும்பி நிண்டு கதைக்குது."

"உனக்கு ஒரு நாள்தானே? அதுதான் கரைச்சல். அது படுக்க முந்தி நீ படுத்திருவாய்."

சரியாக அந்த இடத்தில் கரத்தைச் சில்லு ஒரு பள்ளக் கிடங்கில் விழுந்தது. முடிச்சு மாதிரி இருந்தது அவிழ்ந்தது. கிடாரம் எழும்பியது, விளிம்பில் நின்றது, ஒரு கணம் யோசித்தது, பிறகு பாண்டிருப்பை நோக்கி உருளத் தொடங்கியது.

"என்ட றப்பே! புடி!" என்று ஆண்டவனைக் கூப்பிட்டுக் கத்தினார் ஆதம்பாவா.

கிடாரம் தெருவில் டண் டண் என்று முழங்கிக்கொண்டு ஓடியது. வருசப்பிறப்புக்குப் புதுச்சட்டை போட்டவர்கள் வேலி மேல் ஏறினார்கள். கோழிகள் கூரைக்குப் போயின. பின்னால் இரண்டு பட்டினிக்காரர்கள், ஒருவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஒருவன் வேட்டியை வாரிக் கட்டியபடி. யாரோ ஒரு வீட்டு வளவுக்குள் கிடாரம் திரும்பி ஊஞ்சல் கயிற்றில் மோதி, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, வாய் மேலே பார்க்க அமைதியாக உட்கார்ந்தது. ஊஞ்சலில் இருந்த பெண்ணின் கையிலிருந்து ஒரு தட்டு அரியதரம் நேரே அதற்குள் விழுந்தது.

கதிர்காமத்தம்பி கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான். அரியதரம் அவனைப் பார்த்தது.

"தம்பி!" என்றார் ஆதம்பாவா. "கண்ண மூடு. நானும் மூடுறன். அந்தப் புள்ள எடுக்கட்டும்."

இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். பெண் எடுத்தாள். கண் திறந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. பசியில் வரும் சிரிப்புக்கு நிறுத்தம் கிடையாது. வேலியைப் பிடித்துச் சிரித்தார்கள், நிலத்தில் குந்திச் சிரித்தார்கள், கண்ணீர் வழிந்தது. மரங்கள் எல்லாம் மெதுவாகச் சுற்றுவது போல இருந்தது. அது அவ்வளவு நன்றாக இருந்தது.

கோயில் கிணற்றடியில் மீனாம்பிகை காத்திருந்தாள். முதலில் புளி. பிறகு சாம்பல். பிறகு கடல் மணல். பிறகு மறுபடியும் புளி. கடைசியாக மஞ்சள் தண்ணி. ஆதம்பாவா பக்கத்தில் நின்று தவித்தார்.

"தங்கச்சி, இப்பிடித் தேய்ச்சா அடி ஓட்டையாப் போகும்."

"போகட்டும் காக்கா. எங்கடதும் ஓட்டை. ரெண்டு ஊருக்கும் சரிசமம்."

கிடாரம் பொன் போல மின்னியது. தன் கிடாரத்துக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறது என்று ஆதம்பாவாவுக்கே அன்றுதான் தெரியும்.

அடுப்பு மூட்டினார்கள். அரிசி போட்டார்கள். மண்டபத்தில், பாவபுண்ணியக் கணக்கெழுதும் சித்திரபுத்திரனார் கதை படிக்கத் தொடங்கினார்கள். கதிர்காமத்தம்பி தாயின் அகப்பையைப் பிடித்துக் கிண்டினான். வேர்வை ஓடியது. முதலாம் பால் விழுந்ததும் கஞ்சியிலிருந்து ஒரு மணம் எழும்பியது. அந்த மணம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. வாயை மருதமுனைத் தேத்தண்ணிக் கடைக் கதவு போல இறுக்கிச் சாத்திக்கொண்டான். மீனாம்பிகை கொஞ்சம் தள்ளி நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்கவில்லை.

பிறகுதான் உப்பு நினைவு வந்தது.

தாய் கைப்பிடியால் உப்புப் போடுவாள். எத்தனை பிடி என்று யாரும் கேட்டதில்லை. அவள் கை சின்னக் கை. இவன் கை நெல்லு அளக்கிற கை. ருசி பார்க்கக் கூடாது. முற்றத்தில் நின்ற மற்றவர்களும் தாயை இழந்த விரதக்காரர்கள். இருந்த ஒரே வெளியாள் ஆதம்பாவா. அவரும் நோன்பு.

"காக்கா, நீங்க பள்ளியில உப்பு எப்பிடிப் பாக்குற?"

"நாக்கு நுனியில வைச்சுப் பாத்திட்டுத் துப்பலாம் எண்டு பள்ளி லெப்பை சொல்லுவார். ஆனா என்ட நாக்கு துப்பிற நாக்கில்ல. வாங்கினாத் திருப்பிக் குடுக்காது. அதனால நான் பாக்கிறல்ல."

"அப்ப உப்பு?"

"ஒரு நாள் கூடும். ஒரு நாள் குறையும். பசியில எல்லாரும் குடிப்பாங்க. ஆருக்குத் தெரியும்?"

கதிர்காமத்தம்பி உப்பை அள்ளினான். கையைப் பார்த்தான். பெரிதாகத் தெரிந்தது. பாதியைத் திருப்பிப் போட்டான். சின்னதாகத் தெரிந்தது. கடைசியில் கண்ணை மூடி, "அம்மா, உன்ட கை அளவுக்கு எடுத்துக்கோ" என்று கிடாரத்துக்குள் விட்டான். விட்டவன் விறகு எடுக்கப் பின்பக்கம் போனான்.

ஆதம்பாவா அந்த நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தார். உப்புச் சட்டி திறந்து கிடந்தது. ஆளைக் காணவில்லை. பாவம், பசியில் மறந்துவிட்டான் என்று நினைத்தார். தன் வழக்கப்படி ஒரு கை அள்ளிப் போட்டு, சட்டியை மூடி வைத்தார். ஒருவரும் பார்க்கவில்லை; மீனாம்பிகையின் கண் விறகுப் பக்கம் போன தம்பியின் வாயோடு போயிருந்தது.

கதை படித்து முடிந்தது. பூசை ஆனது. படையலுக்கு எடுத்த கஞ்சியைப் பிள்ளையாருக்கு வைத்து எடுத்தார்கள். வண்ணக்கர் முதல் வாய் குடித்தார். குடித்துவிட்டு நின்றார். இரண்டாம் வாய் குடித்தார். மூன்றாம் வாய் குடித்துவிட்டுச் சிரட்டையைக் கீழே வைத்தார். முகம் கறுத்தது.

"ஆர் ருசி பாத்தது?"

முற்றத்தில் நின்றவர்கள் நீட்டிய சிரட்டைகளை இழுத்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு வருசமா இந்தக் கஞ்சி குடிக்கிறன். ஒரு வருசம் உப்புக் கூடிக் கைக்கும், ஒரு வருசம் சப்பெண்டு இருக்கும். உன்ட அம்மா காய்ச்சினதும் அப்பிடித்தான், குறை நினைக்காத. ருசி பாக்காமக் காய்ச்சினா அப்பிடித்தான் வரும். இண்டைக்கு உப்பு அச்சொட்டா நிக்குது. இது பாத்துப் போட்ட உப்பு. கதிர்காமம், உண்மையச் சொல்லு. வாய் வைச்சியா?"

கதிர்காமத்தம்பி அகப்பையைக் கீழே வைத்தான். பிறந்த நாள் முதல் செய்யாத ஒன்றை அன்று அவன் செய்திருந்தான், பட்டினி கிடந்திருந்தான். அதற்கு இதுவா கூலி? "இல்ல ஐயா. அம்மா மேல ஆணை."

"மோதகத்துக்கும் இப்பிடித்தான் ஆணை வைச்சாய்."

உண்மை. வைத்திருந்தான். முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பேர் கிடாரத்தின் காதைப் பிடித்தார்கள். தென்னையடி பக்கத்தில்தான்.

"நில்லுங்க!" ஆதம்பாவா குறுக்கே வந்தார். "உப்பு நானும் போட்டன். இவன் மறந்திட்டான் எண்டு நினைச்சு ஒரு கை போட்டன்."

"நானும் போட்டன் காக்கா!"

"நீயும் போட்டியா? அட படைச்சவனே!"

வண்ணக்கர் விடவில்லை. "ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமப் போட்ட உப்பு இப்பிடி நிக்குமா? எனக்குக் காது குத்தாதீங்க. ருசி பாத்துத்தான் ரெண்டாம் கை விழுந்திருக்கு."

அப்போது மீனாம்பிகை முன்னால் வந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். கதிர்காமத்தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அக்கா வந்தால் முடிந்தது.

"வண்ணக்கர் ஐயா, அந்தக் கிடாரத்துக்குள்ள பாருங்க."

"என்னத்தப் பாக்க?"

"எவ்வளவு கஞ்சி நிக்குது?"

"கழுத்து மட்டத்துக்கு நிக்குது."

"என்ட தம்பி ருசி பாத்த ஏனத்தில கழுத்து மட்டத்துக்கு எதாவது நிண்டதக் கண்டிருக்கீங்களா? ஒரு மோதகம் ருசி பாத்தான், ஐயருக்கு ஒண்டும் மிஞ்சினதா? என்ட கலியாணத்துக்குக் குழம்பில உப்புப் பாத்தான், மாப்பிள்ளை வீட்டாக்கள் வெறுஞ்சோறு திண்டாங்க. இவன் வாய் வைச்சிருந்தா இஞ்ச கஞ்சியும் இராது, காக்காட கிடாரமும் பாதிதான் இருக்கும்!"

முற்றத்தில் யாரோ ஒருவன் சிரித்து வெடித்தான். அது அடுத்தவனுக்குத் தொற்றியது. "ஓம், ஓம், அது சரிதான்!" பட்டினி கிடந்த அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கிடாரத்தின் காதைப் பிடித்தவர்கள் பிடியை விட்டு வயிற்றைப் பிடித்தார்கள். வண்ணக்கர் கடுமையாக நிற்கத்தான் பார்த்தார். மோதகம் நினைவு வந்தது. தோள் குலுங்கியது. பல்லுக்குள் அடக்கியது மூக்கால் வந்தது.

"அகப்பைய அவன்ட கையில குடுங்க" என்றார். "சாட்சி பலமாக் கிடக்கு."

மீனாம்பிகை அகப்பையை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. "அடுப்பு மூட்டினதில இருந்து உன்ட வாயத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "ஒருக்கா அசையல்ல. அம்மா கண்டிருந்தா மயங்கி விழுந்திருப்பா."

அவன் எல்லோருக்கும் ஊற்றினான். சிரட்டை வந்தது, செம்பு வந்தது, பிலாவிலை வந்தது. ஒவ்வொருவரும் குடித்துவிட்டுச் சிரட்டையைப் பார்த்தார்கள், மறுபடி வரிசையில் நின்றார்கள். ஊற்றுகிறவன் கடைசியில்தான் குடிக்க வேண்டும், அதுவும் சட்டம். கதிர்காமத்தம்பி காற்றில் மிதப்பது போல நின்று ஊற்றினான்.

ஆதம்பாவா நிழலைப் பார்த்துப் பார்த்துத் துடித்தார். "சுறுக்கா தம்பி, அஸராகப் போகுது. கிடாரமும் வேணும், நீயும் வேணும். உன்ட கை ஒண்டு, என்ட கை ஒண்டு, அதுதான் சரியான அளவு. பள்ளிக் கஞ்சிக்கு உன்ட கை இல்லாம நான் என்ன செய்யிற?"

"நான் வந்து போடுறன் காக்கா. ஆனா இண்டைக்கு மரக்கறிதான், இறைச்சி மணத்துக்குக் கிட்ட நிப்பாட்டாதீங்க. நாளைக்கு எண்டா போ எண்டாலும் நிப்பன்."

கிடாரத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. மீனாம்பிகை அதை வழித்து ஒரு பெரிய சிரட்டையில் ஊற்றித் தம்பியிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அம்மாவை நினைத்துக் கடல் பக்கம் திரும்பி ஒரு கணம் கண்ணை மூடினான். பிறகு குடித்தான். ஒரே மூச்சு. இடையில் நிறுத்தவில்லை.

"உப்பு எப்பிடியடா?" என்று கேட்டாள் அக்கா.

கதிர்காமத்தம்பி வெறும் சிரட்டையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"கவனிக்கல்ல அக்கா. இன்னொண்டு ஊத்து, பாத்துச் சொல்றன்."